இரண்டு முறை கவிழ்ந்த ஹெலிகாப்டர்: கோளாறு எங்கே?

கேள்வி: நண்பரின் கேமரா ட்ரோனை ஒரு வருடமாகச் சிக்கலில்லாமல் ஓட்டி வருகிறேன். அந்தத் தைரியத்தில் பழைய 450 அளவு ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கினேன். ஃபிளைபார் (ரோட்டரை நிலைப்படுத்தும் குறுக்குத் தண்டு) இல்லாத வகை, 3 செல் 2200 பேட்டரி. வீட்டருகே புல்தரையில் வைத்துக் கிளப்பினேன். ரோட்டர் வேகம் பிடித்ததும் ஸ்வாஷ்பிளேட் (பிளேடுகளின் கோணத்தை மாற்றும் தட்டு) தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளி நேராக்கினேன். தூக்கிய ஒரு விநாடியில் கவிழ்ந்து இரண்டு பிளேடும் போயின. புதுப் பிளேடு மாட்டி மறுநாள் முயன்றேன். இந்த முறை வண்டியே நடுங்கியது, இடப்பக்கம் இழுத்தது, மறுபடியும் கவிழ்ந்தது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? இதைவிடச் சிறிய ஹெலி வாங்கிப் பழகலாமா? எத்தனை நாளில் ஓட்ட வரும்? என் 9 வயது மகள் கூட நின்று பார்க்க ஆசைப்படுகிறாள், அழைத்துப் போகலாமா?

வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: விற்றவரைத் திட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதல் முறை கவிழ்ந்ததற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளி நேராக்கினேன்." இரண்டாவது முறைக்கான காரணமும் இருக்கிறது: பிளேடை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். முதலாவது கையின் பிழை, இரண்டாவது முந்தைய விபத்தின் மிச்சம்.

ஃபிளைபார் இல்லாத ஹெலியில் உங்கள் ஸ்டிக் நேராக சர்வோக்களிடம் (ஸ்வாஷ்பிளேட்டை நகர்த்தும் சிறு மோட்டார்கள்) பேசுவதில்லை. நடுவில் ஜைரோக்கள் (திரும்பும் வேகத்தை அளக்கும் உணரிகள்) அடங்கிய ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஸ்டிக்கைத் தள்ளினால், "விநாடிக்கு இத்தனை டிகிரி வேகத்தில் சாய்" என்ற கட்டளையாகத்தான் அது எடுத்துக்கொள்கிறது. சாய்ந்ததா என்று ஜைரோவிடம் கேட்கிறது. ஹெலி தரையில் நிற்கும்போது ஸ்கிட் (ஹெலி நிற்கும் கால்) தரையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் உடல் சாயாது. பெட்டிக்குத் தரை என்ற ஒன்று இருப்பது தெரியாது. சொன்னது நடக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சர்வோவை நகர்த்திக்கொண்டே போகும். ஸ்கிட் தரையை விட்ட கணத்தில் சேர்த்துவைத்ததெல்லாம் மொத்தமாக வெளியே வரும். நீங்கள் பார்த்த கவிழ்ப்பு அதுதான்.

ஸ்வாஷ்பிளேட் தானாகச் சாய்ந்ததும் கோளாறு இல்லை. தரையில் ரோட்டர் சுற்றும்போது வரும் சின்னச் சின்ன அசைவுகளுக்குப் பெட்டி பதில் சொல்லிக்கொண்டிருக்கும், அதில் ஸ்வாஷ் மெல்ல ஒரு பக்கம் நகர்வது வழக்கம். விட்டுவிட வேண்டும். தரையில் இருக்கும்வரை வலது ஸ்டிக் நடுவிலேயே இருக்கட்டும். அதைத் திருத்தப் போவதுதான் புதியவர்கள் முதல் நாளே பிளேடு உடைக்கும் வழி.

புல்தரை இதற்குத் துணை போயிருக்கிறது. ஒரு ஸ்கிட் புல்லில் மாட்டிக்கொள்ள மறுபக்கம் எழும்பினால், மாட்டிய ஸ்கிட்டே கீல் ஆகிவிடும். ரோட்டரின் தூக்கு விசை ஹெலியை மேலே கொண்டுபோகாமல் அந்தக் கீலைச் சுற்றிப் புரட்டும். பெரிய ஹெலிகாப்டர்களும் இப்படிக் கவிழ்வதுண்டு.

இடப்பக்க இழுவைக்கும் விளக்கம் எளிது. உங்கள் வகை ஹெலிகளில் பெரும்பாலும் ரோட்டர், மேலிருந்து பார்த்தால், கடிகாரச் சுற்றில் ஓடும். அதன் எதிர்வினையாக உடல் எதிர்ச்சுற்றில் திரும்பப் பார்க்கும். அதை நிறுத்த டெயில் ரோட்டர் வாலை இடப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் வாலை மட்டுமல்ல, ஹெலி முழுவதையும் இடப்பக்கம் நகர்த்தும். ஆகவே நன்றாக அமைக்கப்பட்ட ஹெலிகூட அந்தரத்தில் நிற்கும்போது இலேசாக வலப்பக்கம் சாய்ந்துதான் நிற்கும். எழும்பும்போது சிறிது இடப்பக்கம் நகர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை, தரையை விட்டதும் ஒரு துளி வலது ஸ்டிக் போதும்.

ட்ரோன் ஒரு வருடம் ஓட்டியது உதவுமா? விரல்களுக்கு ஸ்டிக் பழகியிருக்கும், அந்தளவில் உதவும். மற்றபடி அது உங்களைத் தவறான பழக்கத்தில் விட்டிருக்கிறது. கேமரா ட்ரோனில் ஸ்டிக்கை விட்டால் ஜிபிஎஸ் பார்த்து அது தானே நின்றுவிடும், தானே சமநிலைக்கு வரும். ஹெலியில் ஸ்டிக்கை விட்டால் சாய்ந்தது சாய்ந்தபடியே போய்க்கொண்டிருக்கும். முன்னால் போக ஸ்டிக்கைச் சற்று முன்னே தள்ளிவிட்டு நடுவுக்குக் கொண்டுவந்தால், மூக்கு தாழ்ந்தே இருக்கும், வேகம் கூடும். அதை நிறுத்த ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க வேண்டும். நின்றதும் மறுபடி ஒரு சிறு தள்ளல் கொடுத்து மட்டமாக்க வேண்டும். ஒரே ஒரு அசைவுக்கு மூன்று கட்டளை. இது அறிவால் வருவதில்லை, யோசிப்பதற்குள் ஹெலி பத்தடி போயிருக்கும். இடது ஸ்டிக்கும் அப்படித்தான்: ட்ரோனில் அது ஸ்பிரிங்கால் நடுவுக்குத் திரும்பும், உயரம் நிற்கும். ஹெலியில் ஸ்பிரிங் கிடையாது, உயரத்தை உங்கள் விரல்தான் விநாடிக்கு விநாடி பிடித்துவைக்க வேண்டும்.

இப்போது மேசைக்கு வாருங்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் மோட்டாரிலிருந்து ஸ்பீடு கண்ட்ரோலருக்குப் போகும் மூன்று வயர்களில் இரண்டைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி செருகிய ஹெலி மேசைமேல் இருக்கும்போது தப்பித் தவறி மோட்டார் ஓடினால் விரல் மிஞ்சாது.

முதலில் ஸ்பிண்டில். இரண்டு பிளேடு கிரிப்புகளையும் இணைத்து ரோட்டர் தலைக்குள் குறுக்கே ஓடும் மெல்லிய இரும்புத் தண்டு அது. ரோட்டர் சுற்றும்போது பிளேடு தரையில் தட்டினாலே அது வளைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. கழற்றி ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சக் கோடு கூடிக் குறைந்தால் வளைந்திருக்கிறது. நிமிர்த்திப் போட நினைக்காதீர்கள், புதிது மாற்றுங்கள். இரண்டாவது முயற்சியில் வண்டி நடுங்கியது இதனால்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மெயின் ஷாஃப்ட்டையும் அதே கண்ணாடியில் உருட்டிப் பார்த்துவிடுங்கள். கிரிப்புக்குள் இருக்கும் திரஸ்ட் பேரிங்கைத் திரும்பக் கோக்கும்போது கவனம்: அதன் இரண்டு வளையங்களில் துளை சற்றுப் பெரியது ரோட்டர் தலையின் பக்கமும், சிறியது வெளியே திருகின் பக்கமும் வரவேண்டும், நடுவில் கிரீஸ். மாற்றிக் கோத்தால் பிளேடு இழுக்கும் இழுப்பில் பேரிங் கடித்துக்கொள்ளும், பிட்ச் (பிளேடின் சாய்வுக் கோணம்) மாற சர்வோ திணறும்.

அடுத்து மெயின் கியரை மெல்லச் சுற்றி ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். ஒரு பல் போயிருந்தாலும் சுமை ஏறும்போது மோட்டார் சும்மா சுற்றும். சர்வோ கையை விரலால் மெதுவாக நகர்த்துங்கள். நடுவில் எங்கேனும் கட்டுப்பட்டு விட்டுப் போவதுபோலத் தெரிந்தால் உள்ளே பல் நொறுங்கியிருக்கிறது. டெயில் பூமில் (வாலைத் தாங்கும் குழாய்) சொட்டை விழுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். பால் லிங்குகள் (சர்வோவையும் ஸ்வாஷையும் இணைக்கும் உருண்டை மூட்டுக் குச்சிகள்) தொட்டாலே கழன்றுவரும் அளவு தளர்ந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள், நாலைந்து லிங்க் விலையில் ஒரு விபத்து மிச்சம். இரும்பும் இரும்பும் சேரும் திருகுகளுக்கு நீல நிற லாக்டைட் 243 ஒரு சிறு துளி வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் போகும் திருகுக்கு அதை வைக்கக்கூடாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

பிளேடுகளைக் கிரிப்பில் எவ்வளவு இறுக்குவது என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். ஹெலியைப் பக்கவாட்டில் பிடித்தால் பிளேடு தன் எடையில் தொங்கக்கூடாது, ஒருமுறை வெடுக்கென்று உதறினால் மடங்க வேண்டும். அளவு அதுதான். அதைவிட இறுக்கினால், சுற்றும்போது இரண்டும் தாமாக நேர்கோட்டுக்கு வர முடியாமல் நடுக்கம் வரும்.

பாகங்கள் சரியானபின் அமைப்பு. விற்றவர் அமைத்ததை நம்ப வேண்டாம். ஒவ்வொரு சர்வோ கையும் நடுநிலையில் லிங்குக்கு 90 டிகிரியில் நிற்கிறதா, ஸ்வாஷ் மட்டமாக இருக்கிறதா, அந்த நிலையில் பிளேடு பிட்ச் சரியாக 0 டிகிரியா என்று பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள். பிறகு திசை. ஸ்டிக்கை முன்னே தள்ளினால் ஸ்வாஷ் முன்னே சாய வேண்டும். வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். இடது ஸ்டிக்கை ஏற்றினால் பிளேடின் முன் விளிம்பு மேலே திரும்ப வேண்டும்.

இதைவிட முக்கியம் ஜைரோவின் திசை. ஹெலியைக் கையில் தூக்கி மூக்கைத் தாழ்த்துங்கள்: ஸ்வாஷ் பின்பக்கம் சாய்ந்து, தரைக்கு மட்டமாகவே நிற்க முயல வேண்டும். உடலை இடப்பக்கம் சாய்த்தால் ஸ்வாஷ் வலப்பக்கம். மூக்கைக் கையால் இடப்பக்கம் திருப்பினால், நீங்கள் வலது ரட்டர் (மூக்கைத் திருப்பும் கட்டளை) கொடுத்தால் டெயில் சர்வோ எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம் போக வேண்டும். இவற்றில் ஒன்று தலைகீழாக இருந்தாலும், கிளம்பியவுடன் எந்தக் கையாலும் காப்பாற்ற முடியாது. பழைய ஹெலி வாங்கியவர்கள் தவறவிடக் கூடாத சோதனை இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

டிரான்ஸ்மிட்டரில் ஒரு சுவிட்ச் திராட்டில் ஹோல்டுக்கு. அதைப் போட்டால் ஸ்டிக் எங்கே இருந்தாலும் மோட்டார் நிற்க வேண்டும். சிக்னல் அறுந்தாலும் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வையுங்கள். பறக்கும் மோடில் திராட்டில் கர்வை (ஸ்டிக்குக்கு ஏற்ப மோட்டாருக்குப் போகும் கட்டளையின் கோடு) வளைக்காமல் ஒரே மட்டக் கோடாக வையுங்கள், ரோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 2400 சுற்றில் நிலையாக ஓடட்டும். ஏறுவதும் இறங்குவதும் பிட்சின் வேலை. வேகம் குறைந்தால் பத்திரம் என்று சுற்றைக் குறைப்பார்கள் சிலர். சுற்று குறைந்த ரோட்டர் சொன்ன பேச்சைத் தாமதமாகத்தான் கேட்கும், வாலும் பிடிக்காது. பிட்ச் எல்லை கூட்டல் கழித்தல் 11 டிகிரி என்று பெட்டியில் அமைத்திருந்தால், டிரான்ஸ்மிட்டரில் ஐந்து புள்ளிப் பிட்ச் கர்வ் இப்படி இருக்கட்டும்: 35, 54, 73, 84, 95. அடியில் சுமார் கழித்தல் 3, நடுவில் கூட்டல் 5, உச்சியில் கூட்டல் 10 டிகிரி கிடைக்கும். நடு ஸ்டிக்கின் அக்கம்பக்கத்தில் ஹெலி நிற்கும். அடியில் அந்தக் கழித்தல் 3 எதற்கு என்றால், உங்கள் ஊர்க் காற்றில் வெறும் 0 டிகிரியை வைத்துக்கொண்டு கீழே இறக்க முடியாது. 30 சதவீத எக்ஸ்போ வைத்தால் ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாகும்.

இதெல்லாம் ஒரு வார வேலை. அந்த வாரமே சிமுலேட்டரையும் தொடங்குங்கள். உங்கள் டிரான்ஸ்மிட்டரையே யூஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்து ஓட்டும் ரியல்ஃபிளைட், நெக்ஸ்ட், ஹெலி-எக்ஸ் போன்ற எதுவும் சரி. விளையாட்டுக்கான கேம்பேட் வேண்டாம், விரல் பழகுவது இதே ஸ்டிக்கில்தான் இருக்க வேண்டும். நாளுக்கு 20 நிமிடம், நாள் தவறாமல். ஞாயிறு மூன்று மணி நேரம் உட்கார்ந்து சேர்த்துப் பழகுவதில் பாதி பலன்கூட இல்லை, அரைமணிக்கு மேல் கை களைத்து, தப்பையே பழகும்.

எதைப் பழகுவது? வால் உங்களைப் பார்க்க, ஒரு 2 மீட்டர் சதுரத்துக்குள், ஆள் உயரத்தில், 5 நிமிடம். அவ்வளவுதான் முதல் பாடம். சிமுலேட்டரில் குட்டிக்கரணம் போட ஆசை வரும், போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். இப்படி "வால் உள்ளே" (வால் உங்கள் பக்கம்) நிற்பது வந்ததும், ஹெலியை 45 டிகிரி திருப்பி அதே 5 நிமிடம், பிறகு அடுத்த பக்கம் 45. அடுத்து முழுப் பக்கவாட்டு, இடமும் வலமும் தனித்தனியாக. கடைசியில் மூக்கு உங்களைப் பார்க்க. ஒவ்வொரு திசையும் தனிப் பாடம். ஒன்று வந்துவிட்டதால் அடுத்தது பாதி வந்துவிட்டது என்று கிடையாது. பெரும்பாலோருக்கு ஒரு பக்கவாட்டு சுலபமாகவும் இன்னொன்று பகையாகவும் இருக்கும். வராத பக்கத்துக்கு இரட்டிப்பு நேரம் கொடுங்கள்.

இரண்டு குறிப்புகள் இந்தக் கட்டத்தில் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். ரட்டர் கொடுக்கும்போது வாலைப் பார்க்காதீர்கள், மூக்கைப் பாருங்கள். வலது ரட்டர் என்றால் மூக்கு தன் வலப்பக்கம் திரும்பும், எந்தத் திசையில் நின்றாலும் அது மாறாது. வாலைப் பார்த்துப் பழகியவர்கள் வால் உள்ளே நிற்கும்போதே தலைகீழாகக் கற்றுக்கொண்டு, பிறகு திருத்த மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள். இன்னொன்று, மூக்கு உங்களைப் பார்க்கும்போது இடம் வலம் மாறிவிடும் என்று மனதுக்குள் கணக்குப் போட வேண்டாம். ஹெலி எந்தப் பக்கம் விழப்போகிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைக் கொண்டுபோங்கள். சாய்கிற வாழைக்கு அது சாயும் பக்கம் போய் முட்டுக் கொடுப்போமே, அதே கணக்கு.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். தினமும் 20 நிமிடம் என்றால், வால் உள்ளே நிற்பது மூன்று நான்கு வாரத்தில் சிமுலேட்டரில் வரும். அப்போது நிஜ ஹெலியைத் தொடலாம். மூக்கு உள்ளே நிற்பது வரை நான்கைந்து மாதம் ஆகும் என்று மனதை ஆயத்தம் செய்துகொள்ளுங்கள், முன்னே வந்தால் லாபம். சிமுலேட்டரில் தொடர்ந்து பத்து முறை ஒரே இடத்தில் எழும்பி, நின்று, இறக்கி, ஒருமுறைகூட உடைக்காமல் இருந்தால் நிஜ ஹெலிக்கு நேரம் வந்துவிட்டது. ஒன்பது என்றால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள்.

முதல் நாளுக்குப் புல்தரை வேண்டாம். உங்கள் பக்கத்தில் தேங்காய், தானியம் காயப்போடும் சிமெண்ட் களங்கள் உண்டு, சுற்றிலும் சுவரும் மரமும் இல்லாத பெரிய களம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. ஸ்கிட் மாட்டாது, வழுக்கிப் போகும். ஸ்கிட்டுக்கு அடியில் 70 செ.மீ. நீள ஃபைபர் குச்சிகள் இரண்டைக் குறுக்காகக் கேபிள் டை போட்டுக் கட்டி, நுனிகளில் டேபிள் டென்னிஸ் பந்து செருகிவிடுங்கள். இந்தப் பயிற்சிக் கால் இருந்தால் கோணலாக இறங்கினாலும் பிளேடு தரையைத் தொடுவது அரிது. பதினைந்து பேட்டரி ஓட்டிய அப்புறம் கழற்றிவிடலாம், வேகமாகத் திரும்பும்போது அந்தப் பந்துகளின் எடை பின்னால் இழுக்கும்.

பேட்டரியைச் செருகியதும் ஹெலியைத் தொடாதீர்கள், கட்டுப்பாட்டுப் பெட்டி தன் ஜைரோவை நடுநிலைப்படுத்திக்கொள்ளச் சில விநாடி எடுக்கும். நீங்கள் 6 மீட்டர் பின்னால் போய், வாலுக்கு நேரே நின்று, இடது ஸ்டிக் கீழே இருக்க, ஹோல்டை விடுங்கள். ரோட்டர் முழு வேகம் பிடிக்க 10, 15 விநாடி ஆகும், அதற்குள் சிறு நடுக்கம் வந்து போகலாம், முழு வேகத்தில் இருக்கக்கூடாது. இருந்தால் ஹோல்டு, மேசைக்குத் திரும்புங்கள். ஸ்வாஷ் சாய்ந்தால் சாயட்டும். முழு வேகம் வந்ததும் இடது ஸ்டிக்கைத் தயங்காமல், ஆனால் வெடுக்கென்றில்லாமல், ஒரே ஓட்டத்தில் ஏற்றி 1.5 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோங்கள்.

"முதலில் ஒரு அடி உயரத்தில் தத்தித் தத்திப் பழகுகிறேன்" என்பதுதான் எல்லாருக்கும் தோன்றும். அந்த ஒரு அடிதான் மிக மோசமான இடம். ரோட்டர் கீழே தள்ளும் காற்று தரையில் மோதித் திரும்பி ஹெலிக்கு அடியில் சுழன்றுகொண்டிருக்கும். ரோட்டரின் விட்டம் அளவு உயரம், உங்களுடையதில் சுமார் 70 செ.மீ., தாண்டும்வரை அது பந்தின்மேல் நிற்பதுபோல உருளும். மேலே போனால் அமைதியாகும். பத்து விநாடி நிறுத்துங்கள், மெல்ல இறக்குங்கள். முதல் பேட்டரி முழுக்க இவ்வளவே செய்தாலும் போதும். இறக்கும்போது நேர் கீழே வேகமாக இறக்கக் கூடாது, தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே ரோட்டர் விழுந்தால் ஸ்டிக்கை ஏற்றினாலும் தூக்காது.

கைமீறியது என்று தெரிந்த கணத்தில், தரையைத் தொடுவதற்கு முன், ஹோல்டு. இதைச் சிமுலேட்டரிலேயே ஒவ்வொரு விபத்திலும் செய்து பழகுங்கள், விரல் தானாகப் போக வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டே மோதினால் பிளேடோடு கியர், சர்வோ, சிலசமயம் ஸ்பீடு கண்ட்ரோலரும் எரியும். ஹோல்டு போட்டு மோதினால் பெரும்பாலும் பிளேடும் ஸ்பிண்டிலும்தான். அலமாரியில் எப்போதும் இரண்டு ஜோடி பிளேடு, மூன்று ஸ்பிண்டில், ஒரு மெயின் ஷாஃப்ட், இரண்டு மெயின் கியர், ஒரு டெயில் பூம், இரண்டு ஜோடி டெயில் பிளேடு, ஒரு ஸ்கிட் இருக்கட்டும். பிளேடு தரையைத் தொட்ட எந்த விபத்துக்குப் பிறகும் ஸ்பிண்டில் கண்ணாடிக்குப் போக வேண்டும், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும்.

காற்றைப் பற்றி உடுமலைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, காற்றாலைகள் சும்மா அங்கே நட்டுவைக்கப்படவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வரும் ஜூன் முதல் செப்டம்பர் வரை முழுநேர சிமுலேட்டர் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் காலை 6 முதல் 7.30 வரை. தென்னை ஓலையின் நுனிகள் இடைவிடாமல் ஆடினால் அன்றைக்கு வேண்டாம். இலேசான காற்று இருக்கும் நாளில் மூக்கைக் காற்றுக்கு எதிராக வைத்து எழும்புங்கள்.

சின்ன ஹெலி வாங்கலாமா? வேண்டாம் என்றே சொல்வேன். 300 கிராம் எடையுள்ள சிறு ஹெலிகள் விழுந்தால் சேதம் குறைவு என்பது உண்மை. ஆனால் வேகமாகத் துள்ளும், காற்றில் அலைக்கழியும், 15 மீட்டர் போனால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர் உள்ள பொம்மை ஹெலி எதையும் கற்றுத்தராது. உங்கள் 450 போதும். சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஒரு சுவிட்ச் போட்டால் ஹெலியைத் தானே மட்டமாக்கித் தூக்கும் மீட்பு வசதி உண்டு. உங்களுடையதில் இருந்தால் அமைத்துவையுங்கள். ஆனால் எந்நேரமும் அந்த மோடிலேயே ஓட்டாதீர்கள், ட்ரோன் கொடுத்த அதே பழக்கத்தை அதுவும் கொடுக்கும்.

பேட்டரி விஷயத்தில் ஒரு கணக்கு மட்டும். 2200 மில்லி ஆம்பியர்-மணியில் 80 சதவீதம், அதாவது 1760 வரைதான் எடுக்க வேண்டும். முதல் நாள் டைமரை 4 நிமிடத்தில் வையுங்கள். சார்ஜ் போடும்போது சார்ஜர் எவ்வளவு உள்ளே ஏற்றியது என்று பாருங்கள். 1400 என்றால் நிமிடத்துக்கு 350, ஆக 5 நிமிடம் ஓட்டலாம். சார்ஜ் வேகம் 2.2 ஆம்பியர், பேலன்ஸ் மோடில் (எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் முறை), பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். பறந்த சூட்டோடு சார்ஜ் போடக்கூடாது. ஒரு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடுங்கள், முழு சார்ஜில் வைத்தால் உப்பும். உப்பியது எவ்வளவு புதிதானாலும் கழிவுதான்.

உங்கள் ஹெலி பேட்டரியோடு 250 கிராமைத் தாண்டும், 2 கிலோவுக்குள் வரும். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் இது மைக்ரோ வகுப்பு, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு ட்ரோன் ஓட்டுநர் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் பதிவு பற்றியும், உங்கள் களம் வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்றும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 2400 சுற்றில் உங்கள் பிளேடின் நுனி மணிக்குச் சுமார் 320 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்லினில், இதைவிடப் பெரிய 700 வகுப்பு ஹெலியை ஓட்டிக்கொண்டிருந்த 19 வயது இளைஞர் தன் ஹெலியே தலையில் அடித்து இறந்தார். அவர் கற்றுக்குட்டி அல்ல. உங்கள் 450 எடையில் அதைவிட மிகச் சிறியது, ஆனாலும் அதன் பிளேடு கண்ணையோ கழுத்தையோ தொட்டால் எடைக் கணக்கு உதவாது. ஆகவே முதல் ஐம்பது பேட்டரி வரை மகள் களத்துக்கு வரவேண்டாம். அதற்குப் பிறகு வந்தால், உங்களுக்குப் பின்னால் குறைந்தது 15 மீட்டரில், கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்காரட்டும், கூட ஒரு பெரியவர் இருக்கட்டும். அதுவரை வீட்டில் சிமுலேட்டரில் அவளுக்கும் ஒரு முறை கொடுங்கள். திசை குழம்பும் பிரச்சினை சிறுவர்களுக்குப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதற்கும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.